அசனக் கிடாவின் மறுவாழ்வு

எங்கள் வீட்டுக் கிடா கைக்களிம்பு தின்றது உண்மைதான். அதை நான் எந்த நாட்டுக்காரரிடமும் மறைக்கவில்லை. ஆனால் தின்னச் சொன்னது நான் இல்லை, என் மனைவி இல்லை, குருவம்மாளும் இல்லை. ஆடு என்றால் கண்ணில் பட்டதைத் தின்னும். இதைத் தெரிந்துகொள்ள என்னைப் போல வருஷக்கணக்காக அறிவியல் பாடம் நடத்தியிருக்க வேண்டியதில்லை. உலக உயிர்நேய அழகுப்பொருள் கூட்டமைப்பில் இருக்கிற பெரியவர்களுக்கு மட்டும்தான் இது விளங்கவில்லை. அவர்கள் என்னிடம் கேட்டது, "ஆட்டைத் தூண்டியது யார்?" என்று.

என் பெயர் நேசகுமார். வீடு தாயில்பட்டியில். பக்கத்து ஊர் நடுநிலைப்பள்ளியில் வாத்தியார். யாரையும் லேசில் நம்பாத சுபாவம். பால்காரர் பால் ஊற்றும்போது நான் செம்பைப் பார்க்க மாட்டேன், அவர் கையைப் பார்ப்பேன். அப்பேர்ப்பட்ட எனக்கே வெட்கம் வரும் அளவுக்குச் சந்தேகப்படுகிறவர்கள் உலகத்தில் சம்பளத்துக்கு இருக்கிறார்கள் என்று இந்த விவகாரத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

என் மனைவி பாக்கியவதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். பட்டாசு வேலைக்குப் போகிற பெண்களின் கையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அலுமினியப் பொடி ஏறி வெள்ளிப் பாத்திரம் மாதிரி மினுங்கும். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் தோல் முழுக்க வெடிப்பு. குழம்பு பட்டால் எரியும், உப்பு பட்டால் எரியும். பாக்கியவதி ஆமணக்கெண்ணெயும் கடலெண்ணெயும் தேன்மெழுகும் மஞ்சளும் சேர்த்து ஒரு களிம்பு காய்ச்சி இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குருவம்மாள்தான் முதலில் தடவியவள். "நர்ஸம்மா, நேத்து எரிச்சல் இல்லாமத் தூங்குனேன். எம்புட்டு நாளாச்சு!" என்று வாசலில் நின்று அழுதாள்.

போன வருஷம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஓர் அறை வெடித்துப் போனது. குருவம்மாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தாள். உள்ளே இருந்தவர்கள் வரவில்லை. அதற்குப் பிறகு அவளும் பொன்னுத்தங்கமும் இன்னும் மூன்று பெண்களும் வெடிமருந்து ரூமுக்குள் கால் வைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சொல்லிவிடலாம், அடுப்பு எரிய வேண்டுமே. பாக்கியவதி எங்கள் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, "இங்கன வந்து களிம்பு காய்ச்சுங்கக்கா, வித்துப் பாப்போம்" என்றாள். களிம்பு விற்றால் ஐந்து பேரும் கொட்டகையில். விற்காவிட்டால் காலையில் முக்குக்கு வருகிற கம்பெனி வேனில். விஷயம் அவ்வளவுதான், வேறு பெரிய கனவெல்லாம் எங்களுக்குக் கிடையாது.

எங்களுக்கு எண்ணெய் தருகிறவர் விருதுநகர் மொத்த வியாபாரி ஜமால் முகம்மது. அவர்தான் அலைந்து திரிந்து வெளிநாட்டில் ஒரு கடைக்காரரைப் பிடித்தார். வருஷம் முழுக்க ஆர்டர். ஆனால் டப்பாவில் முயல் வேண்டுமாம்.

"களிம்புல முயல் எதுக்குப் பாய்?" என்று கேட்டேன்.

"உள்ள இல்ல வாத்தியாரே, டப்பா மேல. எந்த மிருகத்தையும் சோதிச்சுக் கொடுமப்படுத்தலைன்னு ஒரு முயல் முத்திரை. அதுக்குன்னு ஒரு கூட்டமைப்பு இருக்கு. ஆளனுப்பிப் பாத்துட்டுத் தருவாக. முயல் இல்லேன்னா ஆர்டர் இல்லைன்னு கண்டிசனாச் சொல்லிட்டான்."

"அந்த முயலை எதுல வச்சு வரைஞ்சாக? கட்டிப் போட்டா?"

"உங்க வாயை வச்சுக்கிட்டு அவுககிட்ட இப்படிக் கேட்றாதீக" என்று பாய் கையெடுத்துக் கும்பிட்டார்.

முதலில் கூட்டமைப்பிடமிருந்து கேள்விகள் வந்தன. களிம்பை எந்த விலங்கின் மீது சோதித்தீர்கள்? நான் மறைக்காமல் எழுதினேன்: எந்த விலங்கின் மீதும் இல்லை, குருவம்மாளின் கையில் தடவிப் பார்த்தோம். உடனே பதில் வந்தது: குருவம்மாள் எவ்வகை விலங்கு? மனுஷி என்று எழுதினேன். "சிரமத்துக்கு வருந்துகிறோம். அப்படியானால் ஆட்சேபனை இல்லை" என்று வந்தது. அவள் கை எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. தேன்மெழுகு சேர்க்கிறோமே, தேனீக்கு ஒன்றும் இல்லையா என்று நானாகவே கேட்டுவைத்தேன். தேனீக்கு வேறு கூட்டமைப்பாம். அவர்கள் முத்திரை இலை வடிவத்தில் இருக்குமாம்.

அப்புறம் அவர்கள் சார்பில் ஆய்வுக்கு ஆஷ்லின் என்ற பெண் வந்தார். சென்னையிலிருந்து. வயது முப்பதுக்குள் இருக்கும். "ஸ்தோத்திரம் சார்" என்று வணங்கிவிட்டுத்தான் உள்ளே வந்தார், எங்கள் சபைப் பிள்ளை போலவே பேசினார். கண் மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. வந்ததும் சுவரைக் காட்டி, "இந்தப் பல்லி உங்க கட்டுப்பாட்டுல இருக்கா சார்?" என்றார்.

"என் கட்டுப்பாட்டுல இருந்தா எப்பவோ வெளிய அனுப்பியிருப்பேனே" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார். அடுத்தது கோழி. அது மொட்டைக் கழுத்துக் கோழி, பிறவியிலேயே கழுத்தில் இறகு கிடையாது. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. ஆஷ்லின் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். "கழுத்துல மட்டும் எப்படி சார் கொட்டியிருக்கு? யாரும் எதுவும் தடவலையே?" என்று மூன்று விதமாகக் கேட்டார். பக்கத்து வீட்டில் இருந்து இன்னொரு மொட்டைக் கழுத்துக் கோழியைப் பிடித்துவந்து காட்டினேன். அது பெரிய தப்பாகப் போய்விட்டது. பாதிப்பு பக்கத்து வீட்டுக்கும் பரவியிருக்கிறது என்று எழுதிக்கொண்டார்.

பெண்கள் ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார். பாக்கியவதிக்கு முகம் மலர்ந்தது. வெடிப்பு ஆறியிருப்பதைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தாள். ஆஷ்லின் பார்த்தது நகத்துக்கு அடியில். முயல் ரோமம் இருக்கிறதா என்று.

"வீட்ல வெள்ளெலி வளர்க்கிறீங்களாம்மா?" என்று பொன்னுத்தங்கத்திடம் கேட்டார்.

"வெள்ளெலி இல்லம்மா. சுண்டெலிதான் கெடந்து ஆடுது."

"அதுக்குக் களிம்பு வைப்பீங்களா?"

"களிம்புக்கு எங்கனம்மா எலி வரும்? கருவாடு வச்சாத்தான் பொறியில விளும்."

ஆஷ்லினின் பேனா அப்படியே நின்றது. எலிப்பொறி இந்த ஆய்வின் வரம்பில் வருமா வராதா என்று யாருக்கோ போன் போட்டுக் கேட்டார். வராதாம். பொன்னுத்தங்கம் தப்பித்தாள்.

இந்த இடத்தில்தான் கிடா வருகிறது. அசனம் என்பது எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அரிசி ஒரு வீடு, தேங்காய் ஒரு வீடு, கிடா ஒரு வீடு என்று முறை வைத்துக் கொடுப்போம். இந்த வருஷம் கிடா எங்கள் முறை. கொல்லையில் கட்டியிருந்தோம். காய்ச்சிய களிம்பைப் பெரிய தாம்பாளத்தில் ஊற்றி வேப்பமரத்து நிழலில் ஆற வைத்திருந்தார்கள். எல்லாரும் எலிப்பொறி பற்றிய தீர்ப்புக்குக் காத்து நின்ற நேரம் பார்த்து, கடலெண்ணெய் வாசம் மூக்கில் ஏறி, கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து தாம்பாளத்தில் வாய் வைத்துவிட்டது.

ஆஷ்லின் போட்ட கூச்சலில் தெரு திரண்டது. "வாய்வழிச் சோதனை! வாய்வழிச் சோதனை!" என்று கத்தினார். அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவர்கள் பயந்தால் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள், வாயில் வந்ததைச் சொல்லித் தேற்றுவார்கள். குருவம்மாள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீக தாயி. இதென்ன புதுசா? போன மாசமும்தான் ஒரு தட்டு தின்னுச்சு. ஒண்ணும் ஆகல. நான் கூடவே இருந்து பாத்தேன்ல? புளுக்கைகூட நல்லாத்தான் போட்டுச்சு."

ஆஷ்லின் அழுகையை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார். அவர் எழுதிக்கொண்டது இதுதான்: மறுபடியும் மறுபடியும் கொடுத்திருக்கிறார்கள், உடனிருந்து கண்காணித்திருக்கிறார்கள், கழிவையும் ஆராய்ந்திருக்கிறார்கள். முறையான ஆய்வுக்கூடத்தில்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்க மாட்டார்கள் என்று பிற்பாடு கூட்டமைப்பு எழுதியது. குருவம்மாளுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. "நல்லதுக்குத்தான சாரு சொன்னேன்" என்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விஷயம் ஜமால் பாய்க்குப் போனதும் அவர் கவலைப்படுவார் என்று பார்த்தால் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார்.

"வாத்தியாரே, இது போனா என்ன, இன்னொரு நாட்டுக்காரன் இருக்கான். அங்க மிருகத்து மேல சோதிக்காத சாமானை உள்ளயே விட மாட்டாக. நம்ம கெடா தின்ன போட்டோவை அனுப்பினேன், அவனுக்கு வாயெல்லாம் பல்லு. ஒரே ஒரு கொறைதானாம்."

"என்ன கொறை?"

"ஈரலைப் பாக்கணுமாம்."

குருவம்மாள் கிடாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அன்றிலிருந்து பாயை அதன் பக்கத்தில் அண்ட விடுவதில்லை. பாய் அப்புறம் நிதானமாக யோசித்துவிட்டு அவரே பயந்துபோனார். "நம்ம ஊர்ல மிருகத்து மேல சோதிச்சாக் குத்தம். அவன் ஊர்ல சோதிக்காட்டிக் குத்தம். முயல்காரனுக்குச் சந்தேகம் வந்தாலே குத்தம். ஒரு கெடா தின்னதுக்கு நான் எத்தன ஜெயிலுக்குப் போறது?" என்றார். இனிப்பை நாங்கள் யாரும் தொடவில்லை.

நான் எங்கள் பாதிரியாரான சபை ஐயரிடம் போய், "ஐயா, கெடா விசாரணையில இருக்கு, அசனத்துக்குத் தர முடியுமான்னு தெரியல" என்றேன். ஐயர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிடாவை விற்றுவிட்டு இவன் கதை விடுகிறான் என்று நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

விசாரணை செல்போனில் நடந்தது. போனைக் கொட்டகையில் நிமிர்த்தி வைத்து, நானும் பாக்கியவதியும் ஐந்து பெண்களும் பாயும் அதன் முன்னால் நின்றோம். கிடாவும் தெரிய வேண்டும் என்று உத்தரவு. திரையில் ஒரு பக்கம் ஆஷ்லின். நடுவில் நெறிமுறை இயக்குநர் மெர்வின். கோட்டு போட்டு, எழுதி வைத்துப் படிக்கிற மாதிரியே பேசுகிற மனிதர்.

"சம்பந்தப்பட்ட உயிரின் பெயர் என்ன?" என்றார்.

"அசனக் கெடாவுக்குப் பேரு வைக்கிறதில்லைங்க. பேரு வச்சாக் கறி எறங்காது" என்றேன்.

பெயரிடப்படாதவர் என்று பதிந்துகொண்டார்கள். அந்த நிமிஷத்திலிருந்து கிடா 'அவர்' ஆனது. எனக்கு இந்த வயது வரைக்கும் எங்கள் பள்ளியில் கிடைக்காத மரியாதை அது.

"பெயரிடப்படாதவரை நீங்கள் என்ன செய்வதாக இருந்தீர்கள்?"

"வெட்டிக் கொழம்பு வைக்கிறதாங்க."

"அதற்கு இனி அனுமதி இல்லை. சோதனைக்கு உள்ளானவரைக் கொல்வது எங்கள் விதிப்படி பெருங்கொடுமை."

"களிம்பு தின்னாம இருந்தா?"

"தாராளமாக வெட்டியிருக்கலாம். கறி எங்கள் வரம்பில் வராது. நானே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டுக்கறி சாப்பிடுகிறவன். எங்களைப் பற்றி மக்களிடம் தவறான எண்ணம் இருக்கிறது, நாங்கள் எல்லா உயிர்களையும் பார்த்து இரங்குகிறவர்கள் என்று. அப்படி இல்லை. உணவு, உழைப்பு, உடை, விபத்து என்று நாலா பக்கமும் பார்த்தால் பார்வை சிதறிவிடும். நாங்கள் பூச்சு என்ற ஒரே கோணத்தில் மட்டும் பார்க்கிறோம். அதனால்தான் எங்கள் பார்வை இவ்வளவு கூர்மையாக இருக்கிறது. சரி, முறைப்படி தொடங்குவோம். சோதனைக் கூடங்களில் உயிர்நீத்த முயல்களுக்காக இப்போது ஒரு நிமிடம் மௌனம்."

எல்லாரும் தலை குனிந்தோம். பெண்களுக்கு எதற்கென்று தெரியாவிட்டாலும் சாவுக்கு மௌனம் என்றால் மறுக்கிறவர்கள் இல்லை. பாதி நிமிஷம் போயிருக்கும். வடக்கே ஒரு சத்தம். தகரக் கொட்டகை அதிர்ந்து டப்பாக்கள் உருண்டன.

எங்கள் ஊரில் பட்டாசு வெடிக்கிற சத்தமும் உண்டு, ரூம் போகிற சத்தமும் உண்டு. கைக்குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். ஐந்து பேரும் தெருவுக்கு ஓடினார்கள், எந்தப் பக்கம் புகை என்று பார்க்க. "வடக்கால! எம்மா, வடக்கால! எங்க மதினி அங்கனதான் போயிருக்கா!" என்று பொன்னுத்தங்கம் அலறினாள். பாக்கியவதி பையை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

போனுக்கு முன்னால் நானும் பாயும் கிடாவும் மட்டும் நின்றோம்.

"மௌனம் கலைந்துவிட்டது" என்றார் மெர்வின். "முதலிலிருந்து தொடங்குவோம்."

நான் தலை குனியவில்லை. வெளியே பெண்கள் ஆளுக்கொரு போனில் கத்திக்கொண்டிருந்தார்கள், முயல்களுக்கு மறுபடியும் முழு நிமிஷம் கொடுக்கப்பட்டது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது, நான் வாத்தியார்.

பிறகுதான் தகவல் வந்தது. சாப்பாட்டு நேரம், உள்ளே யாரும் இல்லை. ரூம் மட்டும் போயிருக்கிறது. பொன்னுத்தங்கத்தின் மதினி மரத்தடியில் சோறு தின்றுகொண்டிருந்தாளாம். பெண்கள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கொட்டகைக்குள் வந்தார்கள். குருவம்மாள் மட்டும் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன சத்தம் அது?" என்றார் மெர்வின்.

"பட்டாசு ரூமு வெடிச்சிருச்சு சார்."

"ஐயோ! அடிக்கடி நடக்குமா?"

"நடக்கும்."

"அப்போது அவர் எங்கே இருப்பார்?"

"எவரு?"

"பெயரிடப்படாதவர்."

அவர் அப்போது ஒரு டப்பா மூடியை நக்கிக்கொண்டிருந்தார். மெர்வின் அரைமணி நேரம் யாருடனோ கலந்து பேசினார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. திரும்பி வந்து எழுந்து நின்று படித்தார்.

"இந்தப் பகுதி ஓர் உயிர் வாழத் தகுதியற்றது என்று கூட்டமைப்பு முடிவு செய்கிறது. பெயரிடப்படாதவர் உடனடியாக வெடிச்சத்தம் எட்டாத இடத்துக்கு மாற்றப்பட வேண்டும். காரியாபட்டிப் பக்கம் வயல்களுக்கு நடுவே இடம் பார்க்கப்படும். நிழல், மின்விசிறி, மருத்துவர், ஆயுள் முழுக்கத் தீவனம். செலவு எங்கள் மறுவாழ்வு நிதியைச் சேர்ந்தது. இனி ஒரு நாளும் அவர் பயத்தில் வாழக் கூடாது."

குருவம்மாள் மண்ணிலிருந்து எழுந்து போனுக்கு முன்னால் வந்தாள்.

"ஐயா, அப்ப நாங்க?"

"அம்மா, உங்களைப் பற்றி எங்களுக்கு அனுதாபம் உண்டு. ஆனால் நீங்கள் எங்கள் வரம்பில் இல்லை."

"கெடா எப்படிய்யா வரம்புக்குள்ள போச்சு?"

"அவர் களிம்பு தின்றார்."

குருவம்மாள் ஒரு டப்பாவைத் திறந்தாள். நாலு விரலால் வழித்து வாயில் போட்டாள். எண்ணெயும் மெழுகும் தொண்டையில் ஒட்டிக் கண்ணில் நீர் வந்தது. விழுங்கிவிட்டு மறுபடியும் வழித்தாள். பொன்னுத்தங்கம் பிடித்து இழுத்தும் விடவில்லை.

"இந்தா, நானும் தின்னுட்டேன். இப்ப நானும் கெடாதான். என்னயும் சத்தமில்லாத ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க."

மெர்வின் மறுபடியும் கலந்து பேசப் போனார். இந்த முறை சீக்கிரம் வந்துவிட்டார்.

"மனிதர் அறிந்தே விரும்பித் தின்றால் அது சோதனை ஆகாது, நுகர்வு ஆகும். இருந்தாலும் பதிவுக்காகக் கேட்கிறேன், சுவை எப்படி இருந்தது?"

குருவம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு கிடாவைப் பார்த்தாள். அவ்வளவு பொறாமையோடு ஒரு மனுஷி ஓர் ஆட்டைப் பார்த்து நான் கண்டதில்லை.

அதற்குள் பாக்கியவதி திரும்பி வந்துவிட்டாள். புடவை முழுக்கக் கரி. நடந்ததைச் சொன்னதும் போனைப் பிடுங்கி என்ன கேட்டிருப்பாளோ தெரியாது, அதற்குள் திரையின் ஓரத்திலிருந்து ஆஷ்லின் குரல் கேட்டது. வந்த நாளில் இருந்த அந்தக் கூர்மை குரலில் இல்லை.

"சார், மறுவாழ்வு விதியில இன்னொரு வரி இருக்கு. இடம் மாத்தப்படுற உயிரை அதுக்குப் பழகின முகங்கள்ட்ட இருந்து பிரிக்கக் கூடாது. பிரிவுத் துயரமும் கொடுமைல சேரும். பழகினவங்களைச் சம்பளத்துக்கு வச்சு உடன் அனுப்பணும்."

இதை ஆஷ்லின் வேண்டுமென்றே எடுத்துக் கொடுத்தாரா, இல்லை விதி இருக்கிறதே என்று வாசித்தாரா, இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் மெர்வினைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார்.

"பழகிய முகங்கள் எத்தனை?" என்றார் மெர்வின்.

என் மனைவி பொய் சொல்லி நான் கேட்டதே கிடையாது. கரிபிடித்த முகத்தோடு, பைபிள் வாசகம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "இந்தா நிக்காகள்ல, அஞ்சு பேரும்தான். இவுக கையில குடுத்தாத்தான் தழையே கடிக்கும். அஞ்சுல ஒருத்தரு இல்லாட்டியும் அன்னைக்குப் பட்டினிதான்."

அப்படியானால் நிரூபியுங்கள் என்றார் மெர்வின். கிடாவைக் கொல்லையின் அந்தக் கோடியில் விட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிடச் சொன்னார். கிடாவை வைத்துச் செய்கிற இதற்கு என்ன பெயர் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. பாக்கியவதி என் காலை மிதித்தாள்.

ஐந்து பேர் கையிலும் கடலெண்ணெய் வாசம் ஊறிக் கிடந்தது. ஒவ்வொருத்தியும் "ம்பா... ம்பா..." என்று கையை நீட்ட, ஒவ்வொரு முறையும் கிடா நாலுகால் பாய்ச்சலில் வந்து விரலை நக்கியது. கடைசியாகக் குருவம்மாள் கூப்பிட்டபோது வாயையும் சேர்த்து நக்கியது. மெர்வின் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு பாசம்!" என்றார்.

முயல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. சோதிக்கப்பட்ட களிம்பு என்று ஒருதடவை முத்திரை விழுந்தால் விழுந்ததுதானாம். அந்தக் கடைக்காரர் ஆர்டரை ரத்து செய்தார். ஈரல் கேட்டவர் ஈரல் வராது என்றதும் பேச்சை நிறுத்திவிட்டார். ஐந்து பேரும் கிடாவோடு காரியாபட்டிக்குப் போய்விட்டதால், கொட்டகையில் இப்போது பாக்கியவதி மட்டும் டியூட்டி முடிந்து வந்து காய்ச்சுகிறாள், முன்போலவே இலவசமாக. அசனத்துக்கு வேறொரு கிடா வாங்கிக் கொடுத்தேன். களிம்பு தின்னாத கிடாதானா என்று நானே வாயைத் திறந்து மோந்து பார்த்து வாங்கினேன். குழம்பு நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள், எனக்கு இறங்கவில்லை.

போன வாரம் காரியாபட்டிக்குப் போயிருந்தேன். சுற்றிலும் வயல். ஒரு சத்தம் கிடையாது. கிடா மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தது. பொன்னுத்தங்கம் அகத்தி ஒடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து பேர் கையும் பூப்போல ஆறியிருந்தது. மனிதராகப் பிறந்ததற்குக் கிடைக்காதது ஆட்டுக்கு வேலைக்காரியாகப் போனதில் கிடைத்திருக்கிறது. சந்தோஷப்படுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன்.

குருவம்மாள் மட்டும் கிடாவைவிட்டு ஓரடி நகரவில்லை. நான் கொண்டுபோன வாழைப்பழத்தைக்கூடக் கிடாவுக்குக் கொடுக்க விடாமல் வாங்கி, ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தாள். முகம் வற்றிப் போயிருந்தது.

"என்னம்மா, ஒடம்புக்கு ஆகலையா?"

"எனக்கென்ன சாரு, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். இதுதான் நாலு நாளா இருமுது." குரலைத் தாழ்த்தினாள். "டாக்டரு ஒண்ணுமில்லைங்காரு. அவரை நான் நம்பல. இது கண்ண மூடிட்டா அம்புட்டுத்தான், மறுநாளே கணக்கை முடிச்சுருவோம்னு ஆபீசுல சொல்லிட்டாக. அப்புறம் எங்க அஞ்சு பேருக்கும் அந்த வேனுதான். இது ஒருக்கா இருமுனா எனக்கு ஈரக்கொல நடுங்குது சாரு. தூக்கம் இல்ல."

கிடா இருமியது. வயலில் நின்ற பெண்கள் மூன்று பேரும் அப்படியே நிமிர்ந்து எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"கொலசாமிக்கு நேந்திருக்கேன்" என்றாள் குருவம்மாள்.

"என்னன்னு?"

"இதுக்கு நல்லபடியாச் சொகமாயிட்டா, ஒரு கெடா வெட்டுறேன்னு."

நான் சபைக்காரன். நேர்த்திக்கடன் எல்லாம் மூடநம்பிக்கை என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவன். இந்த உலகத்தில் எதையும் நம்பாதவன். கிடா இன்னொரு தடவை இருமியது.

"பெரிய கெடாவாவே நேந்துக்கோம்மா" என்றேன்.